ஜப்பானின் ஒழுங்கு: கட்டியவர்களும் சுமப்பவர்களும்

ஜப்பான் போய்வந்தவர்கள் சொல்கிற கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, ரயிலில் மறந்துவிட்ட பை அப்படியே திரும்பக் கிடைத்தது, தெருவில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை, ஆறு வயதுக் குழந்தை தனியாக ரயிலேறிப் பள்ளிக்கூடம் போகிறது. கதை முடிந்ததும் எல்லோரும் வந்து நிற்கிற இடமும் ஒன்றுதான்: "அவங்க ரத்தத்திலேயே ஊறினது அது." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருந்தாலும், அந்த மக்கள் செய்த வேலையை இந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது. ஜப்பானின் அன்றாட ஒழுங்கில் எதை எடுத்துப் பார்த்தாலும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, இல்லையென்றால் ஒரு கம்பெனியின் வரவுசெலவுக் கணக்கு, அதுவும் இல்லையென்றால் ஒரு பெரிய விபத்து. கூடவே, அதைத் தோளில் சுமக்கிற யாரோ ஒருவரும் இருக்கிறார்.

தொலைந்த பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். 2018இல் டோக்கியோ மாநகரக் காவல்துறையிடம் வந்துசேர்ந்த பொருள்கள் 40 லட்சத்துக்கும் மேல். அவற்றில் செல்போன் மட்டும் ஒன்றரை லட்சம் இருக்கும். அந்தச் செல்போன்களில் பத்துக்கு எட்டு உரியவர் கைக்குத் திரும்பிப் போயின. ரொக்கமாக வந்தது 380 கோடி யென்னுக்கு மேல். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தொலைத்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

இதற்கென்று அங்கே 1899லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதை முழுக்கத் திருத்தி எழுதி, 2007 டிசம்பரில் புது வடிவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கண்டெடுத்த பொருளை ஒரு வாரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். கடையிலோ ரயிலிலோ கிடைத்ததென்றால் 24 மணி நேரத்துக்குள் அங்கிருக்கும் ஊழியரிடம். உரியவர் வந்து வாங்கிக்கொண்டால், பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கக் கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டு. கடை, ரயில் என்றால் அதில் பாதி. மூன்று மாதமாகியும் யாரும் வரவில்லையா, பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தம். செல்போன், அடையாள அட்டை போன்று அடுத்தவரின் சொந்த விவரங்கள் உள்ளவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. எதையும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டால் அது குற்றம், ஓராண்டு வரை சிறை. ஆக, நேர்மையாக இருப்பது அங்கே லாபமும்கூட. இப்படிச் சொல்வதால் அந்த நேர்மை குறைந்துபோய்விடவில்லை. நல்லவராக இருக்க நினைக்கிற மனிதருக்கு வழியைச் சுலபமாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுலபம் என்றேனே, அதற்குக் காரணம் கோபான் என்கிற சின்னக் காவல் நிலையம். 1874இல் டோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்றைக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் ரயில் ஸ்டேஷன் வாசலிலோ நாற்சந்தியிலோ இருக்கும். வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு மேசை, சுவரில் அந்தப் பகுதியின் வரைபடம். பொருளைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றால் காவலர் முதலில் ஒரு படிவத்தைத்தான் எடுப்பார். எந்த ரயில், எத்தனை மணி, எந்தப் பெட்டி, பை என்ன நிறம், உள்ளே என்னென்ன இருந்தன, ஜிப்பில் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்ததா? எல்லாவற்றையும் பொறுமையாக எழுதி, ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்புவார். கண்டெடுத்தவர் வந்தாலும் இதே நிதானத்தோடு இன்னொரு படிவம். இரண்டு காகிதங்களும் எங்கேயோ சந்தித்துக்கொள்கின்றன, பொருள் வீடு திரும்புகிறது. இந்த எழுத்து வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாம் என்று ஒரு அரசு முடிவெடுத்திருக்கிறதே, பாராட்ட வேண்டியது அதைத்தான்.

அதே நாட்டில் சைக்கிள் திருட்டு சர்வசாதாரணம். அதனால்தான் வாங்கும்போதே ஒவ்வொரு சைக்கிளையும் போலீஸ் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மழைநாளில் கடை வாசலில் வைத்த குடை காணாமல் போவதும் அங்கே எல்லோரும் அறிந்த விஷயம். அதற்காகவே பூட்டுப் போட்ட குடைத் தாங்கிகளைப் பல இடங்களில் பார்க்கலாம். ரத்தத்தில் ஊறிய குணம் என்றால் அது பர்ஸுக்கு ஒரு மாதிரி, சைக்கிளுக்கு வேறு மாதிரி வேலை செய்யாது. டோக்கியோ காவல்துறையிடம் வரும் குடைகளின் கதை வேறு. 2018இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் வந்தன. அவற்றில் நூற்றில் ஒன்றுதான் உரியவரிடம் போனது. சில நூறு யென்னுக்குக் கொன்பினியில் புதுக் குடையே கிடைக்கும்போது பழையதைத் தேடி யாரும் அலைவதில்லை. கொன்பினி என்றால் 24 மணி நேரமும் திறந்திருக்கும் சின்னச் சின்ன சங்கிலித்தொடர் கடைகள்.

அடுத்தது குப்பை. தெருவில் குப்பை இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. காபி குடித்த காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற வெளிநாட்டவரை டோக்கியோவில் எங்கும் பார்க்கலாம். தொட்டிகள் ஒருகாலத்தில் இருந்தன. 1995 மார்ச் 20 காலையில், ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் நச்சை விட்டது. 14 உயிர்கள் போயின. கடைசியாக இறந்தவர் 25 ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 2020இல் உயிர்விட்டார். பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அதன்பிறகு ஸ்டேஷன்களில் தொட்டிகளை மூடிச் சீல் வைத்தார்கள், பல இடங்களில் எடுத்தே விட்டார்கள். டோக்கியோ மெட்ரோ மிச்சமிருந்தவற்றையும் 2022இல் எடுத்துவிட்டது. இப்போது பானம் விற்கும் தானியங்கி இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தொட்டி இருக்கும், அது பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும். மற்ற குப்பை உங்களோடு வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ வரவேண்டும்.

அப்படியானால் தெரு எப்படிச் சுத்தமாக இருக்கிறது? கடைக்காரர்கள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தங்கள் வாசலோடு பக்கத்து நடைபாதையையும் கூட்டிவிடுகிறார்கள். மாணவர்கள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். அது அட்டவணையில் இடம்பிடித்த வேலை. வீட்டுக் குப்பையை இன்ன கிழமை இன்ன வகை என்று பிரித்து வைக்காவிட்டால், எடுக்காமல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய மூட்டையை அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதே பெரிய தண்டனை.

இனி ரயில். ஜப்பானைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில்தான் தொடங்குவார்கள். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட அதில் இறந்ததில்லை. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் ஜப்பானின் ரயில் பண்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இன்னும் பின்னால், 1910க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில்தான் கொபயாஷி இச்சிஸோ என்பவர், பின்னாளில் ஹான்க்யூ என்று பெயர் பெற்ற ரயில் பாதையை ஒசாகாவின் உமேடாவிலிருந்து தகரசுகாவுக்கு ஓட்டத் தொடங்கினார். வழியெல்லாம் வயல்வெளி. ஏற ஆளில்லாத ரயிலுக்கு ஆளை உண்டாக்க வேண்டியிருந்தது. பாதையோரம் நிலத்தை வாங்கி வீடு கட்டி, மாதத் தவணையில் சம்பளக்காரர்களுக்கு விற்றார். ஒரு முனையில் வெந்நீர்க் குளியலிடம், பெண்கள் மட்டுமே நடிக்கும் தகரசுகா நாடகக் குழு. நகர முனையில் 1929இல் ஸ்டேஷனோடு ஒட்டிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். வார நாளில் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு, மாலையில் கடைக்கு என்று எல்லாமே ஒரே கம்பெனியின் ரயிலில். டோக்யூ, செய்பு, தோபு என்று மற்றக் கம்பெனிகளும் இதே வழியில் வளர்ந்தன.

இதனால் என்ன ஆயிற்று? ரயில் தாமதமானால் கம்பெனிக்கு டிக்கெட் காசு மட்டும் போகாது. தான் விற்ற வீட்டின் மதிப்பு குறையும், தன் கடைக்கு ஆள் வரமாட்டார்கள். நேரந்தவறாமை முதலாளியின் பணப்பையோடு கட்டிப்போடப்பட்டது இப்படித்தான். பெரிய ஸ்டேஷனில் இறங்கினால் கடைத்தெருவுக்குள் இறங்கியது போல இருப்பதற்கும் இதுதான் காரணம். இந்தக் கணக்கு ஆள் நெருக்கம் உள்ள இடத்தில்தான் செல்லும். அரசு ரயில்வே 37 லட்சம் கோடி யென் கடனில் மூழ்கி, 1987 ஏப்ரலில் ஜே.ஆர். என்ற பெயரில் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. டோக்கியோவும் நாகோயாவும் கையிலிருக்கும் கம்பெனிகள் கொழிக்கின்றன. ஹொக்கைடோவிலோ கிராமத்துத் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஒற்றைப் பெட்டி ரயிலும், ஆளில்லாத ஸ்டேஷனும் ஜப்பான்தான். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஜப்பான் தெரியவே தெரியாது.

டோக்கியோ ஸ்டேஷனில் வடக்கே போகும் ஷின்கான்சென்கள் வந்து நின்று திரும்பக் கிளம்ப 12 நிமிடம். பயணிகள் இறங்கவும் ஏறவும் ஆகும் நேரம் போக, சுத்தம் செய்ய மிஞ்சுவது 7 நிமிடம். சாதாரணப் பெட்டியில் 100 இருக்கை போல இருக்கும். அதற்கு ஒரே ஆள்தான், பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குப்பை பொறுக்கி, இருக்கைகளைத் திசை திருப்பி, முன்மேசைகளைத் துடைத்து, தலைசாய்க்கும் வெள்ளைத் துணியில் கறை இருந்தால் மாற்றி, மேல்தட்டில் யாராவது எதையாவது விட்டுவிட்டார்களா என்று பார்த்து, கடைசியில் பிளாட்பாரத்தில் வரிசையாக நின்று தலைவணங்குகிறார்கள். உலகமே வீடியோ எடுக்கிறது. நானும் நின்று பார்த்திருக்கிறேன். அடுத்த வண்டி வருவதற்குள் அவர்கள் குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

2017 நவம்பரில், சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று குறித்த நேரத்துக்கு 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் வியந்து எழுதின. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் 2005 ஏப்ரல் 25ஐயும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று காலை ஒசாகாவுக்கு அருகே, அமகசாகியில், ஜே.ஆர். மேற்கு கம்பெனியின் ரயில் ஒன்று வளைவில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பாய்ந்தது. 106 பயணிகளும் ஓட்டுநரும் இறந்தார்கள். 562 பேருக்குக் காயம்.

ஓட்டுநருக்கு வயது 23. முந்தைய ஸ்டேஷனில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நிறுத்தி, பின்னால் எடுத்து வந்ததில் ஒன்றரை நிமிடம் போலத் தாமதம். அந்தக் கம்பெனியில் இப்படித் தவறு செய்த ஓட்டுநர்களை வண்டியிலிருந்து இறக்கி "மறுபயிற்சி" என்ற பெயரில் நாள்கணக்கில் உட்காரவைப்பார்கள். மணிக்கணக்கில் அறிக்கை எழுதவேண்டும், மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கவேண்டும், களை பிடுங்குவது போன்ற வேலைகளையும் செய்யவேண்டும். இவரும் அதை ஏற்கெனவே அனுபவித்தவர். 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாத வளைவில் வண்டி 116இல் நுழைந்தது. தண்டனை பயத்தில் அவர் கவனம் பிரேக்கிலிருந்து விலகியிருக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதியது. வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவியும் அந்த வளைவில் இல்லை. அதன்பின்தான் கால அட்டவணையில் மூச்சுவிட இடம் விட்டார்கள், வளைவுகளில் கருவிகள் பொருத்தினார்கள். நேரத்துக்கு வருகிற ரயிலைப் பார்த்து வியக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த 107 உயிர்களின் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லா விதியும் அங்கே செல்லுபடியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடப்பக்கமும் ஒசாகாக்காரர்கள் வலப்பக்கமும் நின்று, மறுபக்கத்தை நடப்பவர்களுக்கு விடுவார்கள். விபத்து நடக்கிறது, நடக்காமல் நில்லுங்கள் என்று சைதாமா மாகாணம் 2021இலும் நாகோயா நகரம் 2023இலும் விதியே போட்டன. சைதாமா ஸ்டேஷன்களில் ஜனம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பெட்டி தூக்காமல் பயணம் போவது ஜப்பானில் கிடைக்கிற பெரிய சுகம். ஹோட்டல் வரவேற்பறையிலோ கொன்பினியிலோ சூட்கேஸைக் கொடுத்து ஒரு சீட்டை நிரப்பினால், பெரும்பாலான ஊர்களில் மறுநாள் அடுத்த ஹோட்டலில் அது காத்திருக்கும். சீட்டில் தேதியோடு நேரத்துக்கும் கட்டங்கள் இருக்கும்: காலை, 14 முதல் 16, 16 முதல் 18, இப்படி இரவு 9 வரை. 2020 மே முதல், மூன்று பக்க அளவும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோ-ஒசாகா தடமான டொகைடோ ஷின்கான்சென்னில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும் என்று ஆனபிறகு, வெளிநாட்டுப் பயணிகளும் இதற்குப் பழகிவிட்டார்கள்.

யமாட்டோ என்கிற லாரிக் கம்பெனி 1976 ஜனவரி 20இல் இதைத் தொடங்கியது. அன்று முழுக்க வந்த பார்சல் பதினொன்றே பதினொன்றுதான். அதுவரை வீட்டுப் பார்சல் அனுப்ப வேண்டுமென்றால் தபால் நிலையம், இல்லாவிட்டால் ரயில்வே. கம்பெனித் தலைவர் ஒகுரா மசாவோ வீட்டுக்கு வீடு போகும் தொழிலில் இறங்கினார். புதுப் பாதைகளுக்கு உரிமம் தராமல் இழுத்தடித்த போக்குவரத்து அமைச்சகத்தின் மேல் வழக்கும் போட்டார். பனிச்சறுக்குப் பலகை, கோல்ஃப் மட்டை, குளிர்பதனப் பெட்டியில் மீன் என்று சேவை விரிந்தது. ஆன்லைன் வியாபாரம் வந்தபிறகு பாரம் முழுதும் டிரைவர் தலையில் விழுந்தது. வீட்டில் ஆளில்லையென்றால் மறுபடி வரவேண்டும், அதற்குத் தனிக் கூலி கிடையாது. 2017இல், பல்லாயிரம் ஊழியர்களுக்கு ஓவர்டைம் பணம் கொடுக்காமல் விட்டிருப்பதை யமாட்டோ ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே பகல் 12 முதல் 2 மணி வரையிலான கட்டத்தைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்; டிரைவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றுதான். 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநரின் ஓவர்டைம் ஆண்டுக்கு 960 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. டெலிவரி மெதுவாகிறது, கட்டணம் கூடுகிறது என்ற புலம்பல் கேட்கத்தான் செய்கிறது. எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அடித்தளம் தாஷி என்ற சாறு. கடற்பாசியோடு, உலர்த்திய சூரை மீனையும் சீவிப் போட்டு எடுப்பது அது. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசி என்கிறோமே, அதே மீன்தான். "மீன் இல்லை" என்று பரிமாறுபவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை; தாஷியை அவர் உப்பு, சர்க்கரையோடு சேர்த்துத்தான் நினைக்கிறார். பாக்கெட் உணவில் முட்டை, பால், கோதுமை, இறால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் அச்சிட வேண்டும். சூரை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஒவ்வாமைக் கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், சேர்மானப் பட்டியலை முழுதும் படிக்கவேண்டும். கோயாசான் போன்ற மலைக்கோயில்களில் தரும் ஷோஜின் என்ற பௌத்தத் துறவிகளின் சைவ உணவில் கடற்பாசியும் காளானும்தான் சாறுக்கு; அங்கே கவலையே வேண்டாம்.

2003இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 52 லட்சம். 2024இல் 3 கோடியே 68 லட்சம். பேருந்தில் ஏற முடியாத கியோட்டோ மக்களின் எரிச்சலும், தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று கியோன் பகுதியில் மாட்டிய பலகையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அத்தனை பேரை வரவழைத்த அரசு, பேருந்துகளையும் தொட்டிகளையும் அந்த அளவுக்குக் கூட்டவில்லை. பழி என்னவோ விருந்தாளிகள்மேல் விழுகிறது.

விருந்தாளியாக இருக்கும்வரை மரியாதைக்குக் குறைவில்லை. அதே ஆள் வாடகைக்கு வீடு தேடும்போது நிலைமை வேறு. பல வீடுகளுக்கு, திரும்பி வராத ரெய்கின் என்ற "நன்றிப் பணம்" ஒன்றோ இரண்டோ மாத வாடகை, அதற்கு மேல் முன்பணம், அதற்கும் மேல் ஜாமீன் நிற்க ஒரு ஜப்பானியர். 2016இல் நீதி அமைச்சகம் எடுத்த கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அப்படி மறுக்கும் வீட்டுக்காரரைத் தண்டிக்க அங்கே சட்டம் இல்லை. தொலைந்த பர்ஸுக்கு 1899லிருந்து சட்டம் இருக்கிற நாடு அது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

டோக்கியோவின் கிழக்கே நிஷி கசாயில் இந்தியக் குடும்பங்கள் இவ்வளவு பேர், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, கூடியதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. 2000ஐ ஒட்டிக் கணினிப் பொறியாளர்கள் வரத் தொடங்கியபோது, வங்கிகள் நிறைந்த ஓதெமாச்சிக்கு தோசாய் ரயிலில் நேராகப் போய்விடலாம் என்பது ஒரு வசதி. இன்னொன்று, அங்கே யூ.ஆர். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருந்தன. அந்த நிறுவனம் ரெய்கின் வாங்குவதில்லை, ஜாமீன் ஆள் கேட்பதில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டணமும் இல்லை. வருமானச் சான்றும் முறையான விசாவும் இருந்தால் சாவி கையில். வெளிநாட்டவர் 35 லட்சத்துக்கும் மேல் வாழும் நாட்டில் யூ.ஆர். வீடு எல்லோருக்கும் கிடைத்துவிடாது. மற்றவர்கள் இன்றும் தரகர் அலுவலகத்தில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டு "வெளிநாட்டவர், பரவாயில்லையா?" என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.